ஞானப்பல்லை எடுப்பதா, விடுவதா?

கடைவாயில் லேசான வலி என்று பல் டாக்டரிடம் போகிறீர்கள். ஓபிஜி எடுத்து வரச் சொல்கிறார். இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. படத்தைப் பார்த்துவிட்டு, “கீழே ரெண்டு பக்கமும் ஞானப்பல் சாஞ்சிருக்கு, எடுத்துடறது நல்லது” என்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “எனக்கும்தான் முப்பது வருஷமா இருக்கு, ஒண்ணும் பண்ணலையே” என்பார் மாமா. “எதிர்வீட்டுப் பையனுக்கு எடுத்தப்புறம் உதடே மரத்துப்போச்சாம்” என்பார் அம்மா. “பல்லைப் பிடுங்கினா கண்ணு மங்கிடும்” என்பது பாட்டியின் பங்கு.

மாமா சொல்வதும் நடப்பதுதான், அம்மா சொல்வதும் நடப்பதுதான். பாட்டி சொல்வது மட்டும் நடக்காது. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல் விழும் வயதும் பார்வை மங்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், ஒன்றின் பழியை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே பாட்டியை விட்டுவிட்டு, மற்ற இருவரின் பேச்சையும் எப்படி எடைபோடுவது என்று பார்க்கலாம்.

ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். எல்லோருக்கும் நான்கும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒன்றாவது வெளியே வர இடமின்றி எலும்பிலோ ஈறுக்கு அடியிலோ சிக்கிக்கொள்கிறது. மற்றவர்களுக்கு அது இன்னொரு கடைவாய்ப் பல்லாக முளைத்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தி, சாப்பாட்டை அரைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது. அப்படி நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற இடத்தில், சொத்தையில்லாமல் இருக்கும் ஞானப்பல்லை எடுக்க எந்தக் காரணமும் இல்லை. ‘ஞானப்பல்’ என்ற பெயருக்காகவே அதை எடுத்துவிட வேண்டியதில்லை.

பல் டாக்டர்கள் பல்லை எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். முன்பல்லில் தொடங்கி ஒவ்வொரு பக்கமும் எண்ணிக்கொண்டு போனால் ஞானப்பல் எட்டு, அதற்கு முன்னால் இருப்பது ஏழு. எடுப்பதா விடுவதா என்ற கேள்வி எட்டைப் பற்றியதாகத் தோன்றும். ஆனால் முடிவெடுக்கும் முன் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது ஏழைப் பற்றி.

காரணம் இது. கீழ்த்தாடையில் சிக்கிக்கொள்ளும் எட்டு பெரும்பாலும் முன்பக்கமாகச் சாய்ந்து, ஏழாம் பல்லின் பின்புறத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முழுவதும் எலும்புக்குள் புதைந்து கிடந்தால்கூட அவ்வளவு தொல்லை இல்லை, வாயில் உள்ள கிருமிகளுக்கு அங்கே வழியில்லை. பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் நிற்பதுதான் வம்பு. எட்டும் ஏழும் முட்டும் இடத்தில் ஒரு சந்து உண்டாகும். கதவுக்குப் பின்னால் துடைப்பம் எட்டாத மூலை மாதிரி, எந்த பிரஷ்ஷும் அங்கே போகாது. சாப்பாட்டுத் துணுக்கு தங்கும். அங்கேயே ஏழாம் பல்லின் கழுத்துப் பகுதியில், ஈறுக்குச் சற்றுக் கீழே, சொத்தை தொடங்கும். கண்ணாடியில் தெரியாது, நாக்குக்கும் தட்டுப்படாது. பல நேரம் வலியும் இராது. வலி வரும்போது சொத்தை பல்லின் உள்நரம்பை எட்டியிருக்கும். அப்போது ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டிவரும், சில சமயம் ஏழையும் சேர்த்தே எடுக்க வேண்டிவரும். ஏழு நன்றாக வேலை செய்கிற, வேரூன்றிய பல். ஒரு வேலையும் செய்யாத பல்லைக் காப்பாற்றப் போய் வேலை செய்கிற பல்லை இழப்பதைவிட நஷ்டம் வேறில்லை.

உங்கள் ஓபிஜியை நீங்களே பார்க்கலாம். படத்தின் இரு ஓரங்களிலும் கீழ்வரிசையின் கடைசிப் பல் நிமிர்ந்திருக்கிறதா, முன்னால் சரிந்திருக்கிறதா, படுத்தே கிடக்கிறதா என்பது யாருக்கும் தெரியும். பல்லின் வெள்ளைக்கு நடுவே, எட்டு முட்டுகிற இடத்தில் ஏழின் பின்பக்கம் கரிய நிழல் ஏதும் இருக்கிறதா என்று டாக்டரிடமே விரல் வைத்துக் கேளுங்கள். இரண்டு பற்களும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஓபிஜியில் தொடக்கச் சொத்தை மறைந்துபோவதும் உண்டு. சந்தேகமிருந்தால் அந்தப் பல்லுக்கு மட்டும் சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள்.

எட்டால் வரும் இரண்டாவது தொல்லை ஈறு வீக்கம். பெரும்பாலோர் டாக்டரிடம் போவதே இதற்காகத்தான். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாகக் கவிந்திருக்கும். அதன் அடியில் உணவும் கிருமியும் சேர்ந்து ஈறு வீங்கும். வீங்கிய ஈறு உயர்ந்து நிற்பதால் மேல் பல் அதன்மீது கடிக்கும், கடிபட்டு இன்னும் வீங்கும். வாய் நாறும், விழுங்கும்போது தொண்டைப் பக்கம் வலிக்கும், மறுநாள் வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாது. மடிப்பின் அடியைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் முதல் தடவை பெரும்பாலும் அடங்கிவிடும். காய்ச்சலோ முக வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாட்டிக் தருவார்கள்.

நம் ஊரில் நடப்பது வேறு. மெடிக்கல் ஷாப்பில் “பல்வலிக்கு மாத்திரை” என்று கேட்டால் ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் சேர்த்துத் தாளில் மடித்துத் தருகிறார்கள். இரண்டு நாளில் வலி போய்விடும், ஞானப்பல்லும் மறந்துபோகும். அடுத்த பரீட்சைக்கோ கல்யாணத்துக்கோ முந்தின வாரம் திரும்ப வரும். மாத்திரை கிருமியைக் குறைக்கும், ஈறு மடிப்பை எடுத்துவிடாது. மடிப்பை மட்டும் வெட்டினால் போதாதா என்றால், அது திரும்ப வளர்ந்துவிடுவது வழக்கம். ஆகவே ஒரு தடவை லேசாக வந்து போனால் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாவது தடவை வந்தால், வீக்கம் வடிந்ததும் எடுப்பதற்கு நாள் குறிப்பதே சரி.

நிரப்ப முடியாத சொத்தை, வேரடியில் சீழ், பக்கத்துப் பல்லின் வேர் அரித்துப்போதல், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி ஆகியவற்றில் விவாதத்துக்கே இடமில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். நீர்க்கட்டி அரிது. ஆனால் சத்தமில்லாமல் வளரக்கூடியது.

எந்தத் தொல்லையும் தராமல் சாய்ந்து கிடக்கும் பல்லை, பின்னால் தொல்லை தரும் என்று இப்போதே எடுக்கலாமா? மருத்துவ உலகம் இன்னும் ஒரே குரலில் பதில் சொல்லாத கேள்வி இதுதான். இரண்டு நாடுகளின் அனுபவத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் டாக்டர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பது புரியும்.

அமெரிக்காவில் பதின்வயது முடியும் முன்பே நான்கு ஞானப்பற்களையும் ஒரே நாளில் எடுப்பது ஏறக்குறைய ஒரு சடங்கு. ஜே ஃபிரீட்மேன் என்ற பல் மருத்துவர் 2007இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் இதைக் கடுமையாகச் சாடினார். ஆண்டுக்கு சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடிப் பற்கள் எடுக்கப்படுகின்றன, அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றவை என்பது அவர் கணக்கு. வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. எடுப்பதற்குத்தான் பணம், விட்டுவைக்கச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக எடுக்கச் சொல்லும் டாக்டர் எல்லோரும் பணத்துக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு.

பிரிட்டன் எதிர்ப்பக்கம் போனது. எந்தச் சிகிச்சைக்கு அரசு செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பு, 2000 மார்ச்சில் தன் முதல் சிகிச்சை மதிப்பீடாகவே இதை எடுத்துக்கொண்டது. நோய் இல்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை அரசு மருத்துவச் சேவை நிறுத்த வேண்டும் என்றது. அதில் பயன் இருப்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, அறுவையின் ஆபத்தோ உண்மையானது என்பது அதன் வாதம். அறுவைகள் முதலில் நன்றாகக் குறைந்தன. ஆனால் ஆண்டுகள் போகப் போக அதே நோயாளிகள் சொத்தையோடு திரும்பி வந்தார்கள். ஞானப்பல் எடுப்பவர்களின் சராசரி வயது 25இலிருந்து 32 ஆயிற்று. ஏழாம் பல்லின் பின்பக்கச் சொத்தை, முன்பைவிட அதிகமாக, எடுப்பதற்கான காரணமாகப் பதிவானது. “கண்டிப்பாக எடுக்காதே” என்ற விதியை அங்குள்ள பல் மருத்துவர்களே பின்னர் கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

சான்றுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் மறுபடி பார்த்தது. தகுதியான ஆய்வுகள் இரண்டுதான் தேறின. நோயற்ற ஞானப்பல்லை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை, நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள், விட்டுவைத்தால் தொடர்ந்து கவனியுங்கள் என்றது. அந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு கேள்விக்குப் பதில் தருகிறது. பிள்ளைக்குப் பல்லில் கம்பி போட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்தாயிற்று, ஞானப்பல் முளைத்துத் தள்ளி முன்பற்கள் திரும்பக் கோணிவிடுமா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பிரிட்டனில் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஞானப்பல்லை எடுத்து, சுமார் ஐந்தரை ஆண்டு கழித்து 77 பேரை அளந்து பார்த்தார்கள். பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. முன்பல் கோணாமலிருக்க, கம்பியைக் கழற்றியபின் தரும் ரீட்டெய்னரை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள், அதற்காக எட்டை எடுக்க வேண்டாம்.

என் கணக்கு இது. முழுக்க எலும்புக்குள் ஆழமாகக் கிடந்து, படத்தில் வேறெந்தக் கோளாறும் தெரியாத பல்லை விட்டுவைக்கலாம். முன்சாய்ந்து, பாதி வெளியே தெரிந்து, ஏழில் முட்டிக்கொண்டிருக்கும் கீழ்ப்பல் வலிக்காவிட்டாலும் நான் அதை நோயற்ற பல் என்று சொல்லத் தயங்குவேன். உங்களுக்கு இருபத்து மூன்று வயது, வேர் நரம்பைத் தொடவில்லை என்றால், அதை இப்போதே எடுத்துவிடுவது பேராசைக்கார ஆலோசனை ஆகாது.

நரம்பு விஷயம்தான் அம்மா சொன்ன எதிர்வீட்டுக் கதை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போகிறது. ஓபிஜியில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். எட்டின் வேர் சிலருக்கு அதற்கு மேலே தள்ளி நிற்கும், சிலருக்கு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். வேர் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்து தெரிந்தாலோ, வேர் அங்கே மட்டும் கருத்திருந்தாலோ, குழாய் வளைந்து போனாலோ நெருக்கம் அதிகம் என்று பொருள். அப்போது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள்.

நரம்பு அழுந்தினால் உதடு அசையும், முகம் கோணாது, ஆனால் உணர்ச்சி இராது. டீ உதட்டோரம் வழிவது தெரியாது. ஷேவ் செய்யும்போது பாதி மோவாய் வேறொருவருடையது போல இருக்கும். தற்காலிகமாக இப்படி ஆவது பொதுவாக நூறில் ஐந்து பேருக்கு மிகாது, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூறில் ஒருவருக்கும் குறைவு. நாக்குக்கான நரம்பும் அருகில்தான் போகிறது, அது பாதித்தால் ஒரு பக்க நாக்கு மரத்து ருசியும் குறையலாம். இவை சராசரிக் கணக்கு. உங்கள் வேர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் ஆபத்து இதைவிடக் கூடும், குறையும். மிக நெருக்கமாக இருந்தால் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை எலும்பிலேயே விட்டுவிடும் முறையும் உண்டு. வேரில் நோய் இருந்தால் அது பொருந்தாது. மேல்தாடைப் பல்லுக்கு இந்த நரம்புப் பிரச்சினை இல்லை, அதை எடுப்பதும் பெரும்பாலும் சுலபம். சைனஸ் அறைக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

வயது ஒரு காரணி. இருபதுகளின் தொடக்கத்தில் சிலருக்கு வேர் முழுதாக நீண்டிருக்காது, எலும்பு இளகலாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். நாற்பதில் எலும்பு இறுகியிருக்கும், அறுவை நீளும், வீக்கமும் நாள் பிடிக்கும். ஆகவே எப்படியும் எடுக்க வேண்டிய பல்லை “வலிக்கும்போது பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவதில் லாபமில்லை. அதே காரணத்தால், ஐம்பது வயதில் தொல்லையே தராமல் எலும்புக்குள் கிடக்கும் பல்லைத் தோண்டுவதிலும் லாபமில்லை. மாமா சொன்னது அவருக்குச் சரி, அக்கா மகனுக்குச் சரியாக வேண்டும் என்பதில்லை.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. என் பல்லில் இப்போது என்ன நோய் இருக்கிறது, ஏழு எப்படி இருக்கிறது, வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம், விட்டுவைத்தால் எதை எப்போது பார்க்க வேண்டும். நான்கையும் எடுக்கச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் கேளுங்கள். கீழ்ப்பல்லுக்குச் சொன்ன காரணம் மேல் பல்லுக்குத் தானாகப் பொருந்தாது. படத்தைக் காட்டி விளக்காமல் “எடுத்தே ஆகணும்” என்று மட்டும் சொன்னால், ஓபிஜியை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுவதில் தப்பில்லை. வேர் நரம்போடு ஒட்டியிருந்தால் வாய், முகத்தாடை அறுவைச் சிகிச்சை படித்தவரே எடுப்பது நல்லது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான மாத்திரை அல்லது ஊசி, சர்க்கரைக்கான மருந்து எல்லாமே முக்கியம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பல் எடுத்த இடத்து எலும்பு ஆறாமல் போகக்கூடும், அதனால் பிரச்சினைக்குரிய பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாய் திறப்பு குறைந்துகொண்டே வருகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். வாய் திறக்காத இடத்தில் கடைசிப் பல்லை எட்டுவது கஷ்டம்.

எடுப்பது என்று முடிவானால், மரப்பு ஊசி போட்டு, ஈறைக் கீறி, தேவைப்பட்டால் சிறிது எலும்பை அறுத்து, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். அழுத்தம் தெரியும், மிஷின் சத்தமும் பல் முறியும் சத்தமும் காதுக்குள் கேட்கும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். வலி மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பலவும் ஞானப்பல் எடுத்தவர்களிடம்தான் நடக்கின்றன. எவ்வளவு வலிக்கும், எப்போது வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த வலி அது. அந்த ஆய்வுகளில் பாரசிட்டமாலைவிட இபுபுரூஃபன் நன்றாகக் கேட்டது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு திறந்துகிடந்து, குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் காது வரை ஏறும். கீழ் ஞானப்பல் எடுத்த இடத்தில்தான் இது அதிகம், சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி, கிராம்பு வாசனை வரும் மருந்தை வைப்பார், வலி சீக்கிரமே தணியும். பல் எடுத்த மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரில் மெல்லக் கொப்பளிக்கலாம். சாப்பிட ஆறிய குழைந்த சாதம், தயிர், இட்லி போதும். ஊசி போட்ட மரப்பு மறுநாள் காலையிலும் உதட்டில் நீங்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள்.

விட்டுவைப்பது என்று முடிவானால் அது மறந்துவிடுவதற்கான அனுமதி ஆகாது. ஆண்டுக்கு ஒரு தடவை அந்த இடத்தைக் காட்டுங்கள், எக்ஸ்ரே எப்போது திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய ஓபிஜியைப் பத்திரமாக வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எட்டின் பின்பக்கம் வரை போகும் சின்னத் தலை பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பொதுவாக ஒன்று. கடைவாய் வலியோடு காய்ச்சல் வந்து, வீக்கம் தாடைக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கி, எச்சில் விழுங்க முடியாமலோ மூச்சு விடச் சிரமமாகவோ இருந்தால், சீழ் நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவுகிறது என்று பொருள். உயிருக்கே ஆபத்தாகக்கூடியது அது. பல் கிளினிக் திறக்கட்டும் என்று காலை வரை காத்திருக்காமல், அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.